ஆக்டேவியா ஆர்எஸ்: பிளக்கை 60,000 வரை இழுக்க வேண்டாம்

சர்வீஸ் அட்டவணையில் ஸ்பார்க் பிளக் மாற்ற 60,000 கி.மீ. போட்டிருக்கிறது. நுனியில் இரிடியம் வைத்த பிளக் என்றால் லட்சம் ஓடும் என்பார் கடைக்காரர். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் (2017 மாடல், 2.0 டிஎஸ்ஐ, 230 குதிரைத்திறன்) வைத்திருக்கும் எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. கம்பெனியிலிருந்து வந்தபடியே ஸ்டாக்காக ஓட்டினால் 40,000, ஸ்டேஜ் 1 டியூன் (சாஃப்ட்வேரை மட்டும் மாற்றி பவரைக் கூட்டுவது) போட்டிருந்தால் 20,000 முதல் 25,000. வருஷக்கணக்கில் ஓட்டியபின் நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்.

டியூன் போடுவதற்கு முன்பே முதல் பிளக் செட் 40,000 பக்கம் பல்லைக் காட்டியது. கோவைக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது, ஐடிலிங்கும் சுத்தம். மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியாறு ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால் மட்டும், 3,000 ஆர்பிஎம் சுற்றில் லேசாக ஒரு உதறல். செக் லைட் எரியவில்லை. சர்வீஸ் சென்டரில் காட்டினால், "பிளக்குக்கு இன்னும் டைம் இருக்கு சார், பெட்ரோல் மாத்திப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஏற்கெனவே 95 ஆக்டேன்தான் அடித்துக்கொண்டிருந்தேன். வழக்கமாகப் போகும் மெக்கானிக் ஸ்கேனரை மாட்டினார். இரண்டாவது சிலிண்டரில் மட்டும் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போவது) எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. "எடுத்துப் பாத்துரலாங்ணா" என்றார்.

கழற்றிய பிளக்கில் கரி இல்லை, எண்ணெய் இல்லை, பீங்கான் நுனி நல்ல இளம்பழுப்பு. பார்வைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. இடைவெளி அளக்கும் கேஜை நுழைத்ததும்தான் விஷயம் தெரிந்தது: பொறி தாண்டும் இடைவெளியான கேப் கிட்டத்தட்ட 0.1 மி.மீ. கூடியிருந்தது. தரை எலெக்ட்ரோடின் (நடு நுனிக்கு எதிரே வளைந்து நிற்கும் கொக்கி) ஓரமும் கூர்மை போய் மழுங்கியிருந்தது.

இந்த 0.1 சாதா காரில் ஒரு பொருட்டே இல்லை. டர்போவில் கதை வேறு. டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தமான பூஸ்ட் ஏற ஏற சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தமான காற்றில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். கேப் அகன்றாலும் அதே கதை. இரண்டும் சேரும் இடத்தில், பிளக்குக்கு வோல்டேஜ் கொடுக்கும் காயில் திணறுகிறது. அதனால்தான் ஐடிலிங்கில் சாதுவாக இருக்கும் வண்டி லோடில் உதறுகிறது. அப்படியே ஓட்டினால் அடுத்த அடி காயிலுக்குத்தான். பிளக்கை விட அது விலை ஜாஸ்தி.

இரிடியம் வீண் என்று சொல்ல வரவில்லை. சாதா பிளக்கில் இருக்கும் நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், இரிடியம் 2,446 டிகிரி வரை தாங்கும். தேய்மானம் குறைவு என்பது உண்மை. ஆனால் லட்சம் என்ற பேச்சு நிதானமாக ஓடும் டர்போ இல்லாத இன்ஜினுக்குப் பொருந்தும். செட்டிப்பாளையம் காரி ரேஸ் ட்ராக்கில் சுற்றும் வண்டிக்கு அந்தக் கணக்கு ஆகாது.

டியூனுக்குப் பிறகு ஒரு படி குளிர்ந்த பிளக்குக்கு மாறி, கேப்பை 0.6 மி.மீ.க்கு இறக்கினேன். உதறல் சுத்தமாக நின்றது. குளிர்ந்த பிளக் என்றால் சூட்டைச் சீக்கிரம் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்திவிடும் பிளக். இங்கே ஒரு வில்லங்கம் உண்டு: என்ஜிகே, டென்ஸோ பிராண்டுகளில் பிளக்கின் வெப்ப எண் கூடினால் குளிர்ச்சி, பாஷில் தலைகீழ், எண் குறைந்தால்தான் குளிர்ச்சி. பிராண்டு மாற்றும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஸ்டாக் வண்டிக்கும் குளிர்ந்த பிளக் போடாதீர்கள். டவுனுக்குள் மட்டும் ஓடினால் நுனி 450 டிகிரிக்குக் கீழே நின்று கரி எரியாமல் படியும்.

மாற்றுவதை நானே செய்கிறேன். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். காயிலைத் தூக்கியதும் குழியில் காற்றடித்துத் தூசியை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் விழும். புதுப் பிளக்கை முதலில் கையால் திருகி, கடைசியில் மட்டும் டார்க் ரென்ச் (இறுக்கும் விசையை, அதாவது டார்க்கை, அளந்து இறுக்கும் ஸ்பானர்). மரையில் கிரீஸ் தடவ வேண்டாம் என்று என்ஜிகேவே சொல்கிறது. வழுக்கலில் டார்க் அளவு மீறிப் போய்விடும். கேப் சரிசெய்யும்போது தரை எலெக்ட்ரோடை மட்டும் வளைக்க வேண்டும். நடுவில் இருக்கும் இரிடியம் நுனியில் கேஜை வைத்து நெம்பினால் உடைந்துவிடும்.

நாலு பிளக்குக்கும் ஒரு டேங்க் பெட்ரோல் காசுதான் ஆகிறது. காயில்களை மட்டும் இன்னும் மாற்றவில்லை. ஸ்கேனரில் மிஸ்ஃபயர் எண்ணிக்கை சுழியத்தில் நிற்கும்வரை மாற்றுவதாகவும் இல்லை.