முதல் தொகுதியா, நிற்கிற காரா, அடுத்த தொகுதியா? விவரம் தெளியாத மின்சாரக் காருக்கு மூன்று வழிகள்

புக்கிங் பணம் கட்டியாகிவிட்டது, டெலிவரிக்கு இன்னும் சில வாரம். ஆனால் வரப்போகும் காரில் என்ன இருக்கும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. ப்ரோஷரில் பேட்டரியின் கொள்ளளவு இருக்கிறது. அது மொத்தக் கொள்ளளவா, ஓட்டுவதற்குக் கிடைக்கும் அளவா என்று இல்லை. சார்ஜிங் வேகத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கீழே பொடி எழுத்தில், விவரங்கள் முன்னறிவிப்பின்றி மாறலாம் என்ற வரி.

இந்த இடத்தில் நிற்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. வரிசையிலேயே நின்று முதல் தொகுதிக் காரை எடுப்பது. புக்கிங்கை மாற்றி, ஏற்கெனவே விற்பனைக்கு வந்து ஷோரூமில் நிற்கிற, எல்லாம் தெரிந்த ஒரு காரை எடுப்பது. அல்லது முறையைத் தள்ளிப்போட்டு அடுத்த தொகுதிக்குப் போவது. பலரும் பொறுமையையும் தள்ளுபடியையும் வைத்தே இதை முடிவு செய்கிறார்கள். நான் பார்ப்பது வேறு: தெளியாத விவரம் காரின் உடம்பில், அதாவது பிறகு மாற்ற முடியாத பாகங்களில், இருக்கிறதா, மென்பொருளில் இருக்கிறதா?

உடம்பு என்றால் முதலில் பேட்டரி. 2021 ஆகஸ்டில் அமெரிக்காவில் டெஸ்லா மாடல் 3-இன் அடிப்படை வேரியன்டுக்குக் காத்திருந்தவர்களிடம் அந்த நிறுவனம் ஒரு கேள்வி கேட்டது. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி வைத்த கார் என்றால் சீக்கிரம் தருகிறோம், சரியா? ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், சுமார் 15 கி.மீ. குறையும். ஒரே பெயர், ஒரே வேரியன்ட், உள்ளே வேறு வேதியியல். டெஸ்லா வாங்குபவரைக் கேட்டாவது மாற்றியது. எல்லா நிறுவனமும் கேட்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

எல்எஃப்பியும், பரவலான இன்னொரு வகையான என்எம்சியும் (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்தது) பழக்கத்தில் எப்படி வேறுபடும்? எல்எஃப்பியில் நிக்கலும் கோபால்ட்டும் கிடையாது. விலை குறைவு, அதிக முறை சார்ஜ் ஏற்றி இறக்கினாலும் தாங்கும். 100 சதவீதம் வரை தயங்காமல் ஏற்றலாம். ஏற்றவும் வேண்டும்: இதன் மின்னழுத்தம் நடுவில் ஏறக்குறைய மட்டமாகவே நிற்பதால், எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று கணக்கிடுவது காருக்கே சிரமம். அதனால்தான் வாரம் ஒருமுறையாவது முழுதாக ஏற்றச் சொல்கிறார்கள். என்எம்சி பேட்டரி அதே எடையில் கூடுதல் ஆற்றலைச் சுமக்கும், குளிரில் எல்எஃப்பியைவிட நன்றாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். ஆனால் தினசரி ஓட்டத்துக்கு 80 சதவீதத்தில் நிறுத்துவதுதான் அதற்கு நல்லது. ஆகவே காகிதத்தில் 60 கிலோவாட் மணி என்று இரண்டுக்கும் ஒரே எண் இருந்தாலும், தினமும் காலையில் கைக்கு வருவது ஒன்றில் 60, இன்னொன்றில் 48. உறைநிலைக்குக் கீழே போகாத இடத்தில் வாழ்ந்து, தினமும் ஒரே பாதையில் போய்வருபவருக்கு எல்எஃப்பி வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. நானாக இருந்தால் அதையே கேட்டு வாங்குவேன். கடும் குளிரில் நெடுஞ்சாலைப் பயணம் அதிகம் என்றால் பதில் மாறும்.

கொள்ளளவே மாறுவதும் உண்டு. ஹூண்டாய் அயோனிக் 5 ஐரோப்பாவில் 2021-இல் வந்தபோது பெரிய பேட்டரி 72.6 கிலோவாட் மணி. அடுத்த ஆண்டே அது 77.4 ஆனது. முதலில் எடுத்தவரின் காரை எந்த அப்டேட்டாலும் 77.4 ஆக்க முடியாது. குறைந்த மின்சாரத்தில் காரின் உள்ளே சூடாக்கும் ஹீட் பம்ப், வீட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ஆன்-போர்டு சார்ஜர், பேட்டரியின் மின்னழுத்தம் 400 வோல்ட்டா 800 வோல்ட்டா என்பது எல்லாமே இந்த வகைதான். முதலில் வந்த போர்ஷே டைகான் 800 வோல்ட் கார். 400 வோல்ட் வேக சார்ஜரில் அது 50 கிலோவாட் வரைதான் எடுத்துக்கொள்ளும். 150 கிலோவாட் வேண்டுமென்றால் ஆர்டர் போடும்போதே கூடுதல் பணம் கட்டி அதற்கான கருவியைச் சேர்த்திருக்க வேண்டும்.

சார்ஜிங் வேகத்தில் நிறுவனம் உரக்கச் சொல்லும் உச்ச எண்ணை நான் மதிப்பதே இல்லை. உச்சம் சில நிமிடம் நின்றுவிட்டு இறங்கிவிடலாம். கேட்க வேண்டியது 10-இலிருந்து 80 சதவீதம் ஏற எத்தனை நிமிடம் என்பதைத்தான். 77 கிலோவாட் மணி பேட்டரியில் அந்த 70 சதவீதம் சுமார் 54 கிலோவாட் மணி. அது 30 நிமிடத்தில் ஏறினால் சராசரி 108 கிலோவாட். 18 நிமிடத்தில் ஏறினால் 180. உச்சம் 200-க்கு மேல் என்று விளம்பரம் செய்துவிட்டு இந்த நிமிடக் கணக்கைச் சொல்லாமல் விட்டிருந்தால், அந்த மௌனத்துக்குக் காரணம் இருக்கும்.

ரேஞ்சில் எந்த முறையில் சோதித்த எண் என்று முதலில் பாருங்கள். ஒரே காருக்குச் சீனாவின் சிஎல்டிசி எண் பொதுவாக மிகப் பெரிதாக வரும், ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி அதைவிடக் குறைவு, அமெரிக்காவின் இபிஏ அதைவிடவும் குறைவு. சின்ன சக்கரம் போட்ட வேரியன்டின் எண்ணைப் பெரிய சக்கர வேரியன்டுக்கும் சேர்த்துச் சொல்வது இன்னொரு வழக்கம்.

மென்பொருள் பக்கம் கதை வேறு. வால்வோ இஎக்ஸ்90 2024-இல் கைக்கு வந்தபோது கூரையில் லைடார் (லேசர் ஒளியால் சுற்றுப்புறத்தை அளக்கும் சென்சார்) இருந்தது, வேலை செய்யவில்லை; பிறகு வரும் என்றார்கள். ஃபோக்ஸ்வாகன் ஐடி.3-ஐ 2020-இல் முதலில் எடுத்தவர்களுக்கும் சில வசதிகள் பின்னால்தான் வந்தன. டெஸ்லா 2022 அக்டோபரில் பார்க்கிங்குக்கு உதவும் அல்ட்ராசானிக் சென்சார்களைக் கார்களிலிருந்து நீக்கத் தொடங்கியது. தூரம் சொல்லும் வசதி சில மாதத்தில் கேமரா மூலம் திரும்பியது. தானாகப் பார்க் செய்யும் வசதி திரும்ப ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. வரும் என்பது பெரும்பாலும் உண்மைதான், எப்போது என்பதுதான் யாருக்கும் தெரியாது. அந்த வசதி இல்லாமல் ஒன்றரை வருடம் ஓட்ட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் என்றால் வரிசையில் நிற்கலாம். ஆனால் இன்னும் வராத மென்பொருளுக்குத் தனியாக முன்பணம் கட்டாதீர்கள்.

உடம்பு விவரம் தெளியவில்லை என்றால் என் ஓட்டு நிற்கிற காருக்கே. அதை மற்றவர்கள் ஏற்கெனவே ஓட்டியிருப்பார்கள், நெடுஞ்சாலையில் உண்மையில் எவ்வளவு போகிறது என்று தெரிந்திருக்கும், விலையும் பேசலாம். அடுத்த மாடல் வந்தவுடன் மறுவிற்பனை மதிப்பு குறையும். பேரம் பேசும்போதே அதைக் கழித்துவிடுங்கள். அப்புறம் காரின் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். பல மாதம் வெயிலில், முழு சார்ஜோடு நின்ற பேட்டரி ஓடாமலே கொஞ்சம் வயதாகியிருக்கும். சின்ன 12 வோல்ட் துணை பேட்டரி, டயர் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். பேட்டரி வாரன்டி, பொதுவாக 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்பது எழுத்தில் இருக்கட்டும்.

முதல் தொகுதியிலேயே நிற்பவர் கேட்டு வாங்க வேண்டியது ஒரு மின்னஞ்சல்: பேட்டரியின் வேதியியல், பயன்படும் கொள்ளளவு, 10-இலிருந்து 80 சதவீதம் ஏற எத்தனை நிமிடம், ஆன்-போர்டு சார்ஜர் எத்தனை கிலோவாட், ஹீட் பம்ப் உண்டா. இதில் எது மாறினாலும் முழுப் பணம் திரும்புமா என்ற கேள்வியும் அதிலேயே இருக்கட்டும். வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை, ஷோரூமில் பேசுபவருக்கும் உங்களுக்குத் தெரிந்த அளவே தெரிந்திருக்கலாம். ஐரோப்பாவில் ஒவ்வொரு காருக்கும் இணக்கச் சான்றிதழ் தருகிறார்கள். அந்தக் குறிப்பிட்ட காரின் எடை, ரேஞ்ச், மின் நுகர்வு எல்லாம் அதில் இருக்கும். அதன் நகலைக் கடைசித் தவணை கட்டுவதற்கு முன்பே கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது வழி, அடுத்த தொகுதி, கையில் ஓடுகிற வண்டி இருப்பவருக்கு மட்டும். முதல் கார்கள் தெருவில் இறங்கிய சில வாரத்திலேயே பெரும்பாலான சந்தேகங்கள் தீர்ந்துவிடும். தள்ளிப்போடும் முன் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: புக்கிங் நாளின் விலை கூடவே வருகிறதா, இல்லை டெலிவரி நாளின் விலையா? இரண்டாவது என்றால், தள்ளிப்போடுவதும் ரத்து செய்துவிட்டுப் பிறகு புதிதாகப் புக் செய்வதும் ஏறக்குறைய ஒன்றுதான். முன்பணம் முழுதாகத் திரும்பும் என்றால் ரத்து செய்வதே மேல்.