சிவப்பு ஓநாய்ப் படத்தை எங்கே அனுப்புவது: ராலேவா, லண்டனா?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கேமராவோடு அலைபவர்களுக்கு வருஷாவருஷம் வரும் கேள்வி இது. நல்ல படம் கையில் இருக்கிறது, தலைநகர் ராலேயில் இருக்கும் மாநில வனவிலங்குத் துறையின் 'வைல்ட்லைஃப் இன் நார்த் கரோலினா' இதழ் நடத்தும் புகைப்படப் போட்டிக்கா, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் உலக வனவிலங்குப் புகைப்படப் போட்டிக்கா?

லண்டன் போட்டி 1965-இல் தொடங்கியது. பெயரும் புகழும் அங்கேதான், சந்தேகமே இல்லை. ஆனால் 2024-இல் மட்டும் 59,000-க்கு மேல் படங்கள் வந்தன, பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணமும் உண்டு (17 வயது வரை இலவசம்). சோதனையும் கடுமை: 2009-இல் முதல் பரிசு வாங்கிய ஓநாய்ப் படத்தை, அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கலாம் என்று அடுத்த ஆண்டே நீக்கிவிட்டார்கள். சரியான முடிவு.

1937 முதல் வரும் மாநில இதழின் கதை வேறு. சிவப்பு ஓநாய் இன்று காட்டில் சுதந்திரமாகத் திரிவது வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் மட்டும்தான், பூச்சி பிடித்துண்ணும் வீனஸ் ஈப்பொறிச் செடி தானாக முளைப்பதும் வட, தென் கரோலினா இரண்டின் கரையோரச் சமவெளியில்தான், அப்புறம் மலை ஓடைக் கற்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஹெல்பெண்டர் சாலமாண்டர் (பல்லி போன்ற உருவமுள்ள பெரிய நீர்வாழ் உயிரினம்) வேறு. இவற்றின் படத்தைப் பார்த்ததும் 'அட, இது நம்ம ஆற்றங்கரை' என்று சொல்லும் வாசகர்கள் இந்த இதழுக்குத்தான் இருக்கிறார்கள், அந்த ஆற்றைக் காப்பாற்றக் குரல் கொடுக்கப்போவதும் அவர்கள்தான்.

அதனால் முதலில் மாநில இதழுக்கே அனுப்புங்கள். லண்டனை யோசிப்பவர்கள் கேமரா பதிவு செய்த, திருத்தாத மூல ஃபைலை (ரா) மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள், அங்கே இறுதிச் சுற்றில் அதைக் கேட்பார்கள்.