மலையிறங்கிப் போய் 3டியில் பார்க்கலாமா?

பெரிய படம் ஒன்று வந்துவிட்டால் நீலகிரியில் இந்தப் பேச்சு தவறாமல் வரும். பக்கத்துத் தியேட்டரிலேயே சாதாரணமாகப் பார்த்துவிடுவதா, இல்லை மேட்டுப்பாளையம் இறங்கி, கோவையில் ஏதாவது ஒரு மாலில் கண்ணாடி மாட்டிக்கொண்டு 3டியில் பார்ப்பதா? கூடவே இன்னொரு கேள்வியும் ஒட்டிக்கொண்டு வரும். இந்த 3டி நிலைக்கப்போகிறதா, நாலு வருஷ மோகமா? எந்தப் படத்துக்கு 3டி உண்மையிலேயே எதையாவது கூட்டித் தருகிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

இதைச் சோதித்துப் பார்க்க மலைக்காரர்களுக்குத் தியேட்டரே வேண்டாம். குன்னூர் லாம்ஸ் ராக்கில் நின்று கீழே சமவெளியைப் பாருங்கள். அப்படியே ஒரு கண்ணை மூடுங்கள். எதுவும் மாறாது, தூரம் தூரமாகவே தெரியும். இப்போது கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் ஒரு தேயிலைச் செடியைப் பார்த்து ஒரு கண்ணை மூடுங்கள். இலைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போன மாதிரி ஆகிவிடும். நம் இரண்டு கண்களுக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் இடைவெளி. பக்கத்தில் இருப்பதை அவை வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்த வித்தியாசத்தை வைத்து மூளை ஆழத்தைக் கணக்கிடுகிறது. ஆங்கிலேய விஞ்ஞானி சார்ல்ஸ் வீட்ஸ்டன் 1838-லேயே இதைப் படம் வரைந்து நிரூபித்துவிட்டார். ஆனால் தூரம் கூடக்கூட அந்த வித்தியாசம் சுருங்கி, கடைசியில் இல்லாமலே போய்விடும்.

அப்படியானால் தொட்டபெட்டாவிலிருந்து மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கடுக்காகத் தெரிவது எதனால்? முன்மலை பின்மலையை மறைக்கிறது, தள்ளிப்போகப் போகப் பச்சை வெளிறி நீலமாகிறது, இடையிடையே மஞ்சு புகுந்து பிரித்துக் காட்டுகிறது. பஸ்ஸில் போகும்போது சாலையோர மரம் விருட்டென்று ஓடும், எதிர்மலை மெல்ல நகரும். இது அத்தனையையும் தட்டையான திரையே குறைவில்லாமல் காட்டிவிடும். இதற்கு மேலும் மலைக்கு ஆழம் வேண்டும் என்று கேமராவின் இரண்டு லென்ஸையும் அகலத் தள்ளி வைத்து எடுத்தால், மலை பொம்மை மாதிரி சிறுத்துத் தெரியும். மலையும் பள்ளத்தாக்கும் வருகிற படம், அதனால் 3டியில் பார்க்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். விஷயம் நேர் எதிர். அந்த மாதிரிப் படத்துக்குத்தான் 3டி தேவையே இல்லை.

3டிக்கு ஏற்ற இடம் நெருக்கம். அறைக்குள் மிதக்கும் தூசி, முகத்துக்கு முன்னால் விழும் மழை, தண்ணீருக்கு அடியில் எழும் குமிழ், குறுகலான ஒரு படகு. 2012-ல் வந்த லைஃப் ஆஃப் பை படத்தில் ஒரு பையனும் புலியும் ஒரே படகில் மாட்டிக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் சில அடி தூரம்தான் அங்கே கதையே. அந்தத் தூரத்தை 3டி நம் உடம்புக்கே உணர்த்திவிடும்.

சரி, நிலைக்குமா? பழைய கதையைப் பார்த்தால் சந்தேகம் வருவது நியாயம்தான். 1952-ல் ப்வானா டெவில் என்ற அமெரிக்கப் படம் ஓடியதும் ஹாலிவுட் முழுக்க 3டி ஜுரம் பிடித்தது. இரண்டு மூன்று வருஷத்தில் அடங்கியும்விட்டது. அப்போது இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என இரண்டு ப்ரொஜெக்டர்கள் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். ஒரு ரீல் அறுந்து, ஒட்டும்போது ஒரு பிரேம் குறைந்தால் போதும், பார்ப்பவருக்குத் தலைவலி நிச்சயம். அதே நேரத்தில், 1953-ல், சினிமாஸ்கோப் வந்தது. கண்ணாடியே வேண்டாம், அகலத் திரை போதும் என்றது. அந்தப் போட்டியில் ஜெயித்தது எது என்று எல்லோருக்கும் தெரியும். எழுபது வருஷம் கழித்தும் ஸ்கோப் படம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நம் பக்கம் 1984-ல் மலையாளத்தில் மை டியர் குட்டிச்சாத்தான் வந்தது. இந்தியாவின் முதல் 3டி படம் அது. அடுத்த வருஷமே தமிழில் அன்னை பூமி. அப்புறம் நீண்ட இடைவெளி. 2009 டிசம்பரில் அவதார் வந்து மறுபடி தொடங்கி வைத்தது.

இந்த மூன்றாவது அலையில் ஒரு வித்தியாசம் உண்டு. அது வடிந்திருக்கிறது, ஆனால் முற்றிலும் காய்ந்துபோகவில்லை. டிஜிட்டல் வந்தபிறகு ஒரே ப்ரொஜெக்டர் இடக்கண் படத்தையும் வலக்கண் படத்தையும் நொடிக்கு 144 தடவை மாற்றி மாற்றிக் காட்டிவிடுகிறது. ரீல் அறுவது, படம் விலகுவது என்ற தொல்லை கிடையாது. ஒரு 3டி படமும் வராத மாதத்தில் அதே கருவியில் சாதாரணப் படம் ஓட்டலாம். வைத்திருக்கச் செலவு குறைவு என்றால் ஒரு விஷயம் சாவது கடினம். அதனால்தான் 2018-ல் 2.0 படத்தை 3டி கேமராவிலேயே எடுக்க முடிந்தது, 2022-ல் இரண்டாவது அவதாருக்கும் கண்ணாடியோடு கூட்டம் வந்தது.

வீட்டு டிவியில் மட்டும் 3டி உண்மையிலேயே செத்துவிட்டது. 2010 வாக்கில் வந்த 3டி டிவிகளை 2017-க்குள் பெரிய கம்பெனிகள் எல்லாம் நிறுத்திவிட்டன. சோபாவில் சாய்ந்துகொண்டு, நடுவில் சமையலறைக்குப் போய்வந்து பார்க்கிற பழக்கத்துக்குக் கண்ணாடி ஒத்துவராது.

இப்போது சாதாரணத் திரையின் பக்கம் வருகிறேன். என் மனம் சாய்வதும் அந்தப் பக்கம்தான். முதல் காரணம் வெளிச்சம். சாதாரணப் படத்துக்குத் திரையில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது தரம். 3டியில் ப்ரொஜெக்டரின் முன்னால் வைக்கும் வடிப்பானும் கண்ணாடியும் தின்றதுபோகப் பல அரங்குகளில் நாலு, ஐந்து மிஞ்சினாலே பெரிது. இரவுக் காட்சியில் முகமே மங்கலாகத் தெரிந்தால் ஆழம் இருந்து என்ன பயன்? ஒளிப்பதிவாளர் பார்த்துப் பார்த்து அமைத்த நிறங்களைப் பாதி இழந்துவிட்டு அதற்குக் கூடுதல் காசும் கொடுக்கிறோம். இது எனக்கு உண்மையாகவே வருத்தமான விஷயம்.

இரண்டாவது, கண். நிஜத்தில் பொருள் கிட்டே வந்தால் கண் உள்நோக்கித் திரும்பும், பார்வைக் குவியமும் கூடவே மாறும். 3டியில் கண் திரும்புகிறது, குவியமோ திரையிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. சிலருக்கு இந்த இழுபறியே தலைவலி. குன்னூர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே இறங்கிய குழந்தையை அடுத்த ஒரு மணி நேரத்தில் இப்படி உட்காரவைப்பது கொடுமை. மாறுகண் உள்ளவர்களுக்கும் ஒரு கண்ணில் பார்வை குறைந்தவர்களுக்கும் 3டி பெரும்பாலும் தெரிவதே இல்லை. அவர்கள் பார்ப்பது இருண்ட ஒரு 2டி படம்தான்.

சீசனில் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் போர்டு மாட்டும் 7டி, 9டி காட்சிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. நாற்காலி ஆடும், தண்ணீர் தெளிக்கும், சில நிமிடத்தில் முடியும். ராட்டினம் அது. குழந்தைகள் சிரித்தால் சரி.

ஆக, என் கணக்கு இது. தொடக்கத்திலிருந்தே 3டிக்காக யோசித்து எடுத்த படமா, அதிலும் நெருக்கமான காட்சிகள் நிறைந்ததா? ஒரு நாளை ஒதுக்கிக் கோவைக்குப் போங்கள், நடுவரிசையில் நடு இருக்கை வாங்குங்கள். சீசனில் இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள், அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக எடுத்துவிட்டு ரிலீசுக்கு முன் அவசரமாக 3டியாக மாற்றியதா? மலையை விட்டு இறங்கவே வேண்டாம். அப்படிப்பட்ட படங்களில் மனிதர்கள் அட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரி அடுக்கடுக்காக நிற்பார்கள். 2010-க்குப் பிறகு ஜனங்களுக்கு 3டி சலித்துப்போனதற்கு இந்தப் படங்கள்தான் முக்கியக் காரணம் என்பேன்.

மலையில் தியேட்டர் நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பரவலாக உள்ள 3டி முறைக்குச் சில்வர் ஸ்க்ரீன், அதாவது வெள்ளி மாதிரிப் பூச்சுள்ள திரை வேண்டும். வெள்ளைத் திரை இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒளியைக் கலந்துவிடும். ஆனால் சில்வர் ஸ்க்ரீனில் சாதாரணப் படம் போட்டால் நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கியும் தெரியும். வருஷத்துக்கு இரண்டு மூன்று 3டி படங்களுக்காக மற்ற எல்லாப் படங்களையும் கெடுக்காதீர்கள். ஊட்டி அசெம்பிளி ரூம்ஸ் மாதிரி ஒற்றைத் திரை அரங்குகள்தான் இங்கே நமக்கு இருப்பவை. அந்தப் பணத்தை நல்ல விளக்குக்கும் ஸ்பீக்கருக்கும் போடுங்கள், கோவைக்கு இறங்குகிற கூட்டத்தில் பாதி இங்கேயே டிக்கெட் எடுக்கும்.