ரெகவரி கோர்ட் வேலைக்கு இந்த கவுன்சலர் கோர்ஸ் போதுமா?

நியூ ஜெர்சியில் சிஏடிசி எனும் மது, போதை கவுன்சலர் சான்றிதழுக்காக ஆன்லைனில் நடத்தும் 270 மணி நேர கோர்ஸ் ஒன்றை முடித்தேன். எந்தக் கல்லூரி என்று எழுதப்போவதில்லை, நான் சொல்லும் குறை அந்த ஒரு இடத்தோடு நிற்கிற குறையாகத் தெரியவில்லை. மதிப்பெண் கேட்டால் 5க்கு 3. சாதாரண சிகிச்சை மையத்தில் வேலைக்குப் போகிறவர்கள் 4 என்றே வைத்துக்கொள்ளலாம், நான் சேர்ந்தது ரெகவரி கோர்ட்டில் வேலை பார்க்கும் எண்ணத்தில்.

அது என்ன கோர்ட் என்பவர்களுக்கு: போதைப் பழக்கத்தால் கேஸில் மாட்டியவரைச் சிறையில் தள்ளாமல், ஜட்ஜின் நேரடிக் கண்காணிப்பில் சிகிச்சைக்கு அனுப்பும் ஏற்பாடு. 1989இல் மயாமியில் ஆரம்பித்து நாடு முழுக்கப் பரவியது. இங்கேயும் டிரக் கோர்ட் என்றுதான் பெயர் இருந்தது, 2022இல் மாற்றினார்கள். ஸ்பெஷல் புரொபேஷனில், அதாவது சிறைக்குப் பதிலாகக் கண்காணிப்பில் வருகிறவருக்கு ஐந்து வருடம், லேசில்லை. ஆனால் ஒழுங்காக முடித்துவிட்டால் பழைய குற்றப் பதிவு மொத்தத்தையும் அழிக்க வழி இருக்கிறது, 2016இல் வந்த சலுகை அது. இந்தப் பயணம் முழுக்கக் கூடவே இருப்பவர்தான் கவுன்சலர்.

கோர்ஸில் மதிப்பீடு, கவுன்சலிங், கேஸ் மேனேஜ்மென்ட், கிளையன்டுக்குக் கற்றுக்கொடுப்பது, தொழில் பொறுப்பு என்று ஐந்து பகுதி, ஒவ்வொன்றும் 54 மணி நேரம். முதல் இரண்டும் அருமை. மனநலக் கோளாறுகளைக் கண்டறியும் கையேடான டிஎஸ்எம்-5இன் 11 அறிகுறிகளை வைத்து ஒருவரின் பழக்கம் லேசானதா தீவிரமானதா என்று எடைபோடுவதை மனப்பாடம் செய்யவிடாமல், ஆளுக்கு ஆள் கிளையன்டாக நடித்துக் கேள்வி கேட்டே பழகவைத்தார்கள். மாறணும் என்ற எண்ணத்தைக் கிளையன்டின் வாயிலிருந்தே வரவைக்கும் மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் வகுப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. அறிவுரை சொல்லாமல் ஒரு மணி நேரம் பேசுவது நம்ம ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரியும்!

யூரின் டெஸ்ட் பற்றிய வகுப்பும் உருப்படியானது. தண்ணீரை நிறையக் குடித்துவிட்டு வந்தால் சிறுநீரில் இயல்பாக இருக்கும் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு 20க்குக் கீழே போய்க் காட்டிக்கொடுத்துவிடும், மது உடைந்து உண்டாகும் பொருளைத் தேடும் இடிஜி டெஸ்டில் குடித்து மூன்று நாள் ஆனாலும் தெரிய வாய்ப்புண்டு, ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ்கூட வில்லங்கம். பல கோர்ட்டுகளில் கசகசா சாப்பிட மாட்டேன் என்று கையெழுத்தே வாங்குகிறார்கள். வீட்டுக் குருமா நினைவுக்கு வந்து நான் சிரித்துவிட்டேன், ஆனால் அதிலிருந்து மார்ஃபின் பாசிட்டிவ் வருவது நிஜம்.

இனி குறை. கோர்ட் என்ற விஷயத்துக்கு மொத்தக் கோர்ஸிலும் ஒரு மாலை வகுப்பில் பாதிதான் ஒதுக்கினார்கள். சரி, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று நானே ஒரு கோர்ட்டுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன், விசாரணை எல்லாரும் பார்க்கக்கூடியதுதான். பெயின்ட் ஒட்டிய பூட்ஸோடு ஒருவர் முன்னால் வந்தார், ஜட்ஜ் புது வேலையைப் பற்றி விசாரித்தார், எத்தனை நாளாகச் சுத்தமாக இருக்கிறார் என்று அவர் சொன்னதும் அறை முழுக்கக் கைதட்டல். அடுத்து வந்தவர் டெஸ்டுக்கு வராமல் விட்டவர். அவரைக் கூப்பிட்டபோது ஜட்ஜ் கையில் ஏற்கெனவே ஒரு தாள் இருந்தது. அந்தத் தாளில் இருப்பதைச் சொன்னது யார்? காலையிலேயே ஜட்ஜ், வக்கீல்கள், புரொபேஷன் ஆபீசர், சிகிச்சைத் தரப்பு எல்லாரும் உட்கார்ந்து ஒவ்வொருவரைப் பற்றியும் பேசிவிடுகிறார்கள், அதற்கு ஸ்டாஃபிங் என்று பெயர். கவுன்சலர் அங்கே சொல்லும் ஒரு வரியால் ஒருவர் சில நாள் உள்ளே போகலாம்.

இந்த வேலையின் மையமே அதுதான், கோர்ஸ் அதைத் தொடவே இல்லை. குரூப்பில் ஒருவர் "சனிக்கிழமை குடிச்சிட்டேன்" என்று மனசுவிட்டுச் சொன்னால் அது கோர்ட்டுக்குப் போகணுமா, போனால் அடுத்த வாரம் அந்த குரூப்பில் யார் வாயைத் திறப்பார்கள்? 42 சிஎஃப்ஆர் பார்ட் 2 என்ற ரகசியக் காப்பு விதி இருக்கிறது. சாதாரண கிளினிக்கில் கிளையன்ட் தான் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், கோர்ட் வழியாக வந்தவருக்கோ கேஸ் முடியும்வரை அது முடியாதபடி சம்மதப் படிவத்தை எழுத அதே விதி இடம் கொடுக்கிறது. இதைக் கேட்டதற்கு ஆசிரியர் "வேலையில் சேர்ந்ததும் சூப்பர்வைசர் சொல்லுவார்" என்றார். அவ்வளவுதான் பதில்!

இன்னொன்று எனக்குக் கோபமே வந்தது. ஓபியாய்டு (ஹெராயின், சில வலி மாத்திரைகள் போன்றவை) பழக்கத்துக்குக் கொடுக்கும் சூபாக்சோன் மருந்தை எடுப்பது ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதுதான் என்று அதே ஆசிரியர் வகுப்பிலேயே சொன்னார். மருந்தோடு இருப்பவரும் புரோகிராமை முடிக்கலாம் என்று நியூ ஜெர்சி 2015இலேயே சட்டம் போட்டுவிட்டது. அந்த மருந்தை மறுப்பது மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை மீறுவதாகலாம் என்று மத்திய நீதித்துறை 2022இல் விளக்கமும் கொடுத்தது. ஓபியாய்டு பழக்கத்தில் உயிரைக் காப்பாற்றும் மருந்து அது, காசு வாங்கிக்கொண்டு இப்படிச் சொல்லித்தருவது அநியாயம். யாருக்கு எந்த அளவு சிகிச்சை என்று முடிவுசெய்யும் ஏஎஸ்ஏஎம் அளவுகோலும் பழைய பதிப்புதான் ஸ்லைடில் ஓடியது, 2023இல் நான்காம் பதிப்பு வந்தாயிற்று.

சேர நினைப்பவர்களுக்கு: சிஏடிசிக்குப் பள்ளிப் படிப்பு போதும், மாஸ்டர்ஸ் இருந்தால் அதற்கு மேல்நிலை உரிமமான எல்சிஏடிசி பற்றி முதலில் விசாரியுங்கள். வகுப்பு முடிந்தாலும் மேற்பார்வையில் 3,000 மணி நேரம் வேலை பார்த்துக் காட்ட வேண்டும், அந்த இடத்தை உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள், கோர்ஸ்காரர்கள் தேடித்தர மாட்டார்கள். சம்பளம் ஐடி பக்கத்தில்கூட வராது. நம்ம ஆட்களுக்கு உதவலாம் என்று வருகிறவர்களுக்கு ஒன்று, குடித்துவிட்டு வண்டி ஓட்டியது இந்த மாநிலத்தில் டிராஃபிக் குற்றம்தான், அந்தக் கேஸ் முனிசிபல் கோர்ட்டுக்கும் குடித்து ஓட்டியவர்களுக்கான ஐடிஆர்சி வகுப்புக்கும் போகும். தமிழ் முகங்களை அங்கே பார்க்கத்தான் அதிக வாய்ப்பு.

பணம் கட்டுவதற்கு முன்னால், பாடம் எடுப்பவர்களில் ஸ்டாஃபிங் மீட்டிங்கில் உட்கார்ந்தவர் யாராவது உண்டா என்று போன் போட்டுக் கேளுங்கள். மழுப்பினால் வேறு கோர்ஸ் பாருங்கள்.