300 என்று சொல்லி 240 இன்ஜினைத் தலையில் கட்டுகிறார்கள், உஷார்

பழைய ஃபோர்டு டிரக்குக்கு 300 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின் தேடுகிறவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "முழுசா ரீபில்ட் பண்ணின 300" என்று எனக்கு விற்கப்பட்டது அதைவிடச் சிறிய 240 கன அங்குல இன்ஜின். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் அந்த ஆள் வியாபாரம் செய்கிறார்.

டிரக்கில் மாட்டி ஓட்டியதுமே சந்தேகம் வந்துவிட்டது. வெறும் வண்டியில் ஒரு குறையும் இல்லை. சுமையோடு மேடு ஏறும்போதுதான் மூச்சு வாங்கியது. கீழ் கியருக்கு மாற்றி இன்ஜினை அலறவிட்டால்தான் ஏறியது. 300-க்குப் பேரே குறைந்த சுற்றில் கிடைக்கும் இழுவைதான். விற்றவரைக் கேட்டால், "ரெண்டும் ஒரே குடும்பம் சார், உழைப்பும் ஒண்ணுதான்" என்றார்.

ஒரே குடும்பம் என்பது உண்மை. சிலிண்டர் விட்டம் இரண்டிலும் 4 அங்குலம். இரண்டிலும் பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்டைத் தாங்க ஏழு மெயின் பேரிங். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்டைச் சுழற்றுவது செயின் இல்லை, நேரடி கியர். ஆனால் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம், 240-ல் 3.18 அங்குலம், 300-ல் 3.98. கிராங்க், கனெக்டிங் ராடு, பிஸ்டன் எல்லாமே வேறு. கனரக வேலைக்கென்று வந்த 300-களில் ஃபோர்ஜிங் செய்த ஸ்டீல் கிராங்க்கும் உண்டு. 240 எழுபதுகளின் நடுவிலேயே நின்றுபோனது. 300 மட்டும் 1996 வரை வந்தது. யூபிஎஸ் என்ற பார்சல் நிறுவனத்தின் டெலிவரி வண்டி, ஜெனரேட்டர், மரம் அரைக்கும் இயந்திரம் என்று நாள் முழுக்க ஓடும் வேலைகளுக்கு அதைத்தான் போட்டார்கள்.

240 மட்டமான இன்ஜின் என்று நான் சொல்லவே மாட்டேன். காரிலும் லேசான டிரக்கிலும் ஒழுங்காகப் பராமரித்தால் நன்றாக உழைக்கும். 300 நிதானமாக இழுக்கிற அதே சுமையை இழுக்க அது கூடுதல் சுற்றில் ஓடியாக வேண்டும். தேய்மானமும் அந்த அளவுக்குக் கூடும். அதனால்தான் "உழைப்பும் ஒண்ணுதான்" என்ற பேச்சு என்னைக் கொதிக்க வைத்தது.

அந்த "ரீபில்ட்" இன்னொரு மோசடி. எங்கள் மெக்கானிக் இன்ஜின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்றினார். அடியில் தேங்கிய எண்ணெயில் பழுப்பு நிறத் துணுக்குகள். ஒன்றை விரலில் எடுத்து நசுக்கிக் காட்டினார். உலோகம் இல்லை, ஃபைபர். இந்த இன்ஜின்களில் பெரும்பாலும் கேம் கியர் ஃபைபரில்தான் வரும். சத்தம் குறைவு, ஆனால் வயதானால் பல் உதிரும். பல் மொத்தமாகப் போனால் கேம் சுற்றாது, இன்ஜின் அங்கேயே நின்றுவிடும். ரீபில்ட் செய்கிற எவரும் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். இவர் செய்ததெல்லாம் கேஸ்கெட் ஓரம், போல்ட் தலை என்று பார்க்காமல் மேலே நீலப் பெயின்ட் அடித்தது மட்டும். அப்புறம் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டையும் கழற்றி ஸ்ட்ரோக்கை அளந்தோம். 3.18 அங்குலம்தான்.

பிளாக்கில், அதாவது இன்ஜினின் உடலில், வார்க்கும்போதே பதிந்த எண்ணைக் காட்டி நம்பச் சொன்னால் நம்பாதீர்கள். 240 பிளாக்கில் 300 கிராங்க்கும் உட்காரும் என்பதால் அந்த எண்ணை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. ஹெட் கழன்ற நிலையில் பிஸ்டன் மேலே நிற்கும் இடத்துக்கும் கீழே நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். 81 மில்லிமீட்டர் வந்தால் 240, 101 வந்தால் 300. ரீபில்ட் என்று சொன்னால் கேம் கியரின் படத்தையும், மெயின் பேரிங் வாங்கிய பில்லையும் கேளுங்கள். ரசீதில் "300, ஸ்ட்ரோக் 3.98" என்று எழுதி வாங்குங்கள். என் ரசீதில் "ஃபோர்டு ஆறு சிலிண்டர் இன்ஜின்" என்று மட்டும்தான் இருந்தது. அதைக் காட்டித்தான் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். விளம்பரம் இன்னும் 300 என்றே ஓடுகிறது.