ஸ்பீட் ஃபைனை மறைக்கச் சொல்லும் புரோக்கரை நம்பாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர்கள் கார் இன்சூரன்ஸ் எடுப்பது பெரும்பாலும் தெரிந்த புரோக்கர் பையன் மூலமாகத்தான். கோயிலில் பார்த்த முகம், வாய் நிறைய "அங்கிள்", மாதப் பிரீமியத்தைக் குறைத்துத் தருகிறேன் என்ற பேச்சு. விண்ணப்பம் போனிலேயே நிரம்புகிறது. போக்குவரத்துக் குற்றத்துக்குத் தண்டனை உண்டா, லைசென்ஸ் முடக்கப்பட்டதா என்ற கேள்வி வந்ததும் அவனே பதிலும் சொல்லிவிடுகிறான்: "அதெல்லாம் கேமரா ஃபைன், அங்கிள். யாரு பாக்கப் போறா? இல்லைன்னு போட்டுடறேன்."

அந்த 'இல்லை' உங்கள் வாயிலிருந்து வந்ததாகத்தான் பதிவாகிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் இப்படி எடுத்த பாலிசிகள் விபத்து நடக்கும் நாள்வரை ஒழுங்காகவே ஓடும். மாதாமாதம் பணமும் பிடிப்பார்கள்.

இதில் வயிறு எரிவது எதற்கென்றால், அந்தப் பொய்க்கு அவசியமே இல்லை. தென்னாப்பிரிக்காவில் சாதாரண ஸ்பீட் ஃபைன் தானாக இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போய்ச் சேருவதில்லை. ஃபைன் வந்த மறுமாதமே பிரீமியம் ஏறுவதும் இல்லை. பிரீமியத்தைத் தீர்மானிப்பவை காரின் வகை, வசிக்கும் பகுதி, இரவில் கார் நிற்கும் இடம், ஓட்டுபவரின் வயது, பழைய கிளெய்ம்கள். 60 கிலோமீட்டர் வரம்புள்ள சாலையில் 72 போனதற்கு வந்த ஒரு ஃபைனை, கேட்டால், உள்ளபடி சொல்லிவிடலாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஊருக்குள் வரம்பைவிட 30 கிலோமீட்டருக்கு மேல், ஊருக்கு வெளியிலும் ஃப்ரீவேயிலும் 40க்கு மேல் போய்த் தண்டனை விழுந்தால், 1996ஆம் ஆண்டின் தேசிய சாலைப் போக்குவரத்துச் சட்டம் 35ஆம் பிரிவின்படி லைசென்ஸ் முடங்கும். முதல் தடவை குறைந்தது 6 மாதம், இரண்டாம் தடவை குறைந்தது 5 ஆண்டு, மூன்றாம் தடவை குறைந்தது 10 ஆண்டு. அதாவது 60 வரம்பில் 91, 120 வரம்பில் 161 போனாலே இந்த வலையில் விழுவீர்கள். சத்தியப் பிரமாணத்தின்மேல் காரணம் காட்டினால் முடக்கம் வேண்டாம் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும். ஆனால் அதைத் தீர்ப்பு நாளிலேயே கோர்ட்டில் கேட்க வேண்டும். ஃபைனைக் கட்டினோம், வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்து, முடங்கிய லைசென்ஸோடு காரை எடுத்து இடித்துவிட்டால் எந்தக் கம்பெனியும் பணம் தராது.

இன்னொன்று, மகனின் ஃபைன். சட்டம் காரின் சொந்தக்காரரே ஓட்டினார் என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஈஸ்டருக்கு ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் கோயிலுக்கு என்3 நெடுஞ்சாலையில் வரும்போது பையன் வேகமாக ஓட்டினால், நோட்டீஸ் அப்பா பெயருக்கு வரும். ஓட்டியவர் இவர்தான் என்று எழுதிக் கொடுத்துப் பெயரை மாற்றலாம். ஆனால் பாலிசியில் வழக்கமாக ஓட்டுபவர் அப்பா என்று புரோக்கர் போட்டிருந்து, நோட்டீஸுக்கு நோட்டீஸ் மகன் பெயருக்கே மாறியிருந்தால், உண்மையில் காரை ஓட்டுவது யார் என்பதற்கு அந்தக் காகிதங்களே சாட்சி. இளம் ஓட்டுநருக்குப் பிரீமியம் அதிகம் என்பதால்தான் அப்பாவின் பெயரைப் போடச் சொல்கிறார்கள்.

கிளெய்ம் போட்டதும் லைசென்ஸ் நகல் கேட்பார்கள், கார் போன இடத்தையும் வேகத்தையும் குறிக்கும் டிராக்கர் கருவியின் பதிவைப் பார்ப்பார்கள், விண்ணப்பத்தின்போது பேசிய போன் பதிவை எடுத்துக் கேட்பார்கள். பொய் தெரிந்தால் நிராகரிப்புக் கடிதம். கார் நொறுங்கிக் கிடந்தாலும் பேங்க் கடன் நிற்காது. எதிர்க் காரின் சேதத்தையும் உங்கள் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். அரசின் சாலை விபத்து நிதி உடற்காயத்துக்கு மட்டும்தான், தகரத்துக்கு இல்லை.

கடிதம் வந்துவிட்டாலும் சும்மா இருந்துவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மறுப்புத் தெரிவிக்க 90 நாள் உண்டு. உங்கள் குரல் பதிவின் நகலைக் கேளுங்கள். அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்டார்களா, புரோக்கரே பதில் சொன்னானா என்பது அதில் தெரியும். 1998ஆம் ஆண்டின் குறுகிய கால இன்சூரன்ஸ் சட்டம் 53ஆம் பிரிவின்படி, ஆபத்தைக் கணிப்பதற்கு உண்மையிலேயே முக்கியமான தகவல் தவறாக இருந்தால்தான் நிராகரிக்க முடியும். பழைய 72 கிலோமீட்டர் ஃபைன் ஒன்றைக் காட்டிக் கைவிரித்தால் அதை எதிர்த்து நில்லுங்கள். கம்பெனி இறங்கி வராவிட்டால் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் தேசிய நிதி ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. தவறு புரோக்கருடையது என்றால் முதலில் அவருக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 6 வாரத்தில் தீராவிட்டால் புரோக்கர்கள், நிதி ஆலோசகர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஃபைஸ் (FAIS) ஆம்பட்ஸ்மனிடம் கொண்டுபோங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். "இல்லைன்னு போட்டுடறேன்" என்ற வரி அவற்றில் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இன்னும் விபத்து நடக்காதவர்கள் இன்றைக்கே பாலிசி அட்டவணையை எடுத்து மூன்று இடங்களைப் பாருங்கள்: வழக்கமாக ஓட்டுபவர் பெயர், லைசென்ஸ் விவரம், தண்டனைக் கேள்விக்கான பதில். தவறாக இருந்தால் புரோக்கரை விட்டுவிட்டு, கம்பெனிக்கே நேராக மின்னஞ்சல் அனுப்பித் திருத்துங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறினாலும் ஏறட்டும். திருத்திய அட்டவணை தேதியோடு கைக்கு வரும்வரை விடாமல் கேளுங்கள்.