கொழுந்துக் கணக்கு: ஒரே மென்பொருளா, பிரித்துவைத்து புரோட்டோகோலா?

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு நானும் நண்பர் ஒருவரும் கொழுந்துக் கணக்கு மென்பொருள் எழுதிக்கொடுத்தோம். நிறுவை, செக்ரோல் (யார் எத்தனை நாள் வேலை செய்தார் என்ற பதிவேடு), சம்பளம், ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்குப் போகும் லொறிக் கணக்கு எல்லாம் ஒரே செயலி, ஒரே டேட்டாபேஸ். அடுத்த வருடம் ஒரு கேள்வி வந்தது. இதை இப்படியே வளர்ப்பதா, துண்டு துண்டாகப் பிரித்து, அவை தமக்குள் பேசிக்கொள்ள ஒரு புரோட்டோகோல், அதாவது இரு பக்கமும் ஒப்புக்கொண்ட விதிமுறை வகுப்பதா?

ஒரே கட்டாக இருந்தால் வேலை சுகம். ஒருவருடைய கிலோவைத் திருத்தினால் செக்ரோலும் சம்பளமும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் திருந்திவிடும். பாதி திருந்தி பாதி நிற்கிற பேச்சே இல்லை. அலவன்ஸ் விதி மாறினால் ஒரு மாலையில் மாற்றிப் போடலாம். இருவர் மட்டுமே உள்ள குழுவுக்கு இது பெரிய விஷயம்.

புரோட்டோகோலை அப்படி நினைத்தபோது மாற்ற முடியாது, மற்றவர்கள் அதை நம்பிக் கட்டியிருப்பார்கள். இணையத்தில் கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் புரோட்டோகோலின் புதிய பதிப்பான ஐபிவி6 முதலில் வகுக்கப்பட்டது 1995இல். அதற்கு முந்தைய, 1981இன் ஐபிவி4 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தப் பிடிவாதம்தான் அதன் பலமும். 1982இல் எழுதிய எஸ்எம்டிபி என்ற ஈமெயில் புரோட்டோகோலை வைத்துத்தான் முன்பின் அறியாத இரண்டு பேரின் சேர்வர்கள் இன்றும் ஈமெயில் பரிமாறுகின்றன.

சரி, எங்கள் மலையில் என்ன நடந்தது? கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை 7 கிலோ என்று போனில் அழுத்துகிறார். சேர்வரில் பதிவாகிவிட்டது, பதில் திரும்பி வருவதற்குள் சிக்னல் போய்விட்டது. போகவில்லை என்று நினைத்துத் திரும்ப அழுத்துகிறார். கணக்கில் 14 கிலோ. இன்னொரு நாள் நேர்மாறு. "தம்பி, மத்தியானம் போட்ட கொழுந்த காணோமே" என்று ஓர் அக்கா நிறுவைத் துண்டுச் சீட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். குறித்த கிலோ வராவிட்டால் அவருக்கு அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம். எவ்வளவு அழகான ஒற்றைச் செயலியாக இருந்தாலும் தராசுக்கும் சேர்வருக்கும் நடுவே இருக்கும் மலையை அதனால் மறைக்க முடியவில்லை.

அந்த ஒரு இடத்தில் மட்டும் புரோட்டோகோலை ஒழுங்காக வகுத்தோம். ஒவ்வொரு நிறுவைக்கும் போனிலேயே ஒரு தனி எண். அதே எண் திரும்ப வந்தால் சேர்வர் கூட்டாது, "கிடைத்தது" என்று மட்டும் சொல்லும். அந்தப் பதில் வரும்வரை போன் பதிவை அழிக்காது. அனுப்புவதற்கு எம்கியூடிடி என்ற செய்தி அனுப்பும் புரோட்டோகோல். செயற்கைக்கோள் வழியே எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க 1999இல் உருவானது, ஒவ்வொரு செய்தியின் தலைப்புப் பகுதி வெறும் 2 பைட்டிலிருந்து தொடங்குகிறது, மெலிந்த சிக்னலுக்கு ஏற்றது. ஆனால் அதன் "குறைந்தது ஒருமுறை" முறையில் ஒரே செய்தி இரண்டு தடவை வரலாம், அதனால் எங்கள் எண் அப்போதும் வேண்டும்.

சம்பளத்தையும் செக்ரோலையும் நாங்கள் பிரிக்கவில்லை. ஒரே கணினியில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவற்றை நெட்வொர்க் வழியே பேசவிட்டால், மலையில் படும் பாட்டை ஒபிசுக்குள்ளும் நாமே கூட்டிவருகிறோம். ஸ்டோர்காரர்கள் தங்களுக்கென்று வேறு மென்பொருள் எடுத்தால், அன்றைக்கு அந்த எல்லையிலும் ஒரு புரோட்டோகோல் எழுதுவேன். அதற்கு முன்னால் எழுத மாட்டேன்.

இப்போது துண்டுச் சீட்டில் கிலோவுக்குக் கீழே அந்த எண்ணும் அச்சாகிறது. கொழுந்தைக் காணோம் என்று யாராவது வந்தால் எண்ணைத் தட்டி, பதிவு போனில் நிற்கிறதா, சேர்வரில் ஏறிவிட்டதா என்று கணக்கப்பிள்ளை அங்கேயே காட்டிவிடுகிறார்.